மறுமொழி: ‘ஒன் டைமர்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் (யாரி குர்ரி கட்டுரைக்காக)

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். பின்லாந்தின் பனி ஹாக்கி வீரர் யாரி குர்ரியைப் பற்றிய கட்டுரை ஏறத்தாழ முடிந்துவிட்டது. ஒரே ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறது: சகவீரர் தள்ளியதை நிறுத்தாமல் அப்படியே அடிக்கும் ‘ஒன் டைமர்’ என்ற அடிக்கு ஒரு தமிழ்ச்சொல். இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். முக்கியமானவற்றுக்கு மட்டும் கீழே விடை எழுதுகிறேன்.

> ‘பக்’ என்பதைச் ‘சில்லு’ என்று வைத்துவிடலாம். பாண்டி ஆடிய எல்லோருக்கும் புரியும்.

பனி ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக அடிக்கப்படும் ‘பக்’குக்குச் சில்லு எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் கணினிக்காரர்கள் அதை முன்பே எடுத்துக்கொண்டார்கள். ஈழத்தில் அது சக்கரத்தையும் குறிக்கும். நான் ‘வட்டு’ என்றே எழுதியிருக்கிறேன். மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குலத் தடிப்பும் உள்ள கெட்டி ரப்பர் அது. துள்ளாமல் வழுக்கிச் செல்ல வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன் உறையவைத்து எடுத்துவருவார்கள். பின்லாந்துக்காரர்கள் இந்த விளையாட்டையே ‘யாக்கியெக்கோ’ என்கிறார்கள். ‘யா’ பனிக்கட்டி, ‘கியெக்கோ’ வட்டு. தடகளத்தில் நாம் வட்டெறிதல் என்பதற்கும் அவர்கள் அதே கியெக்கோவைத்தான் பயன்படுத்துகிறார்கள். இரண்டு மொழிகளும் தனித்தனியே ஒரே இடத்துக்கு வந்திருப்பதைப் பார்த்தபோது மனம் நிறைந்தது. ‘பனிக்கட்டி வளைகோல் பந்தாட்டம்’ என்று எழுதும் வழக்கத்தையும் இதோடு விட்டுவிட வேண்டும். பந்தே இல்லாத ஆட்டத்தைப் பந்தாட்டம் என்று சொல்லலாகாது.

> ‘ஒருமுறை அடி’ அல்லது ‘ஒற்றையடி’ போதாதா? மூலச்சொல்லில் ‘ஒன்று’ இருக்கிறதே.

போதாது ஐயா. அந்த ‘ஒன்று’தான் நம்மை வழிதவறச் செய்கிறது. எந்த அடியும் ஒருமுறைதான் அடிக்கப்படுகிறது. ‘ஒற்றையடி’ என்றால் பாதைதான் நினைவுக்கு வரும்.

செயல் என்ன என்று முதலில் பார்ப்போம். சகவீரர் வட்டைத் தள்ளுகிறார். வழக்கமாக, பெறுபவர் அதை வளைகோலால் தடுத்து, நிறுத்தி, குறிபார்த்துப் பிறகு அடிப்பார். அந்த இடைவெளியில் இலக்குக் காவலர் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் சறுக்கி வந்து வழியை அடைத்துவிடுவார். இலக்கின் அகலம் ஆறடிதான். ஆகவே வட்டை நிறுத்தாமல், அது வந்துகொண்டிருக்கும்போதே அடிப்பது காவலருக்குக் கிடைக்கவேண்டிய அந்த நொடியைப் பறித்துவிடுகிறது. அதற்கு, வட்டு தன்னிடம் வருமுன்பே வீரர் கோலை உயர்த்தி, உடலைத் திருப்பி, தயாராக நின்றிருக்க வேண்டும். வந்த பிறகு தயாரானால் காலம் கடந்துவிடும்.

மற்ற மொழிகள் இதை எப்படிப் பெயரிட்டன? ரஷ்ய மொழியில் ‘ஒரே தொடுகையில்’ என்பார்கள். ஜெர்மனியரும் சுவீடன்காரரும் ‘நேர்’ என்பதை முன்வைக்கிறார்கள். கியூபெக்கின் பிரெஞ்சுக்காரர்கள்தான் என் மனத்துக்கு நெருக்கமானவர்கள்: ‘பெறும்போதே அடிப்பது’ என்ற பொருள்பட அவர்கள் சொல் அமைந்திருக்கிறது. எண்ணிக்கையையும் வேகத்தையும் விட்டுவிட்டு, பெறுதலைப் பிடித்திருக்கிறார்கள்.

> குர்ரியை இவ்வளவு உயர்த்த வேண்டுமா? கிரெட்ஸ்கி கொடுத்தார், இவர் அடித்தார். அவ்வளவுதானே?

எட்மன்டன் ஆயிலர்ஸ் அணியில் குர்ரியோடு ஆடிய வெய்ன் கிரெட்ஸ்கியைச் சொல்கிறீர்கள். இந்த வரியைப் படித்துவிட்டு ஒரு நாள் கழித்தே மறுமொழி எழுதுகிறேன். சொல்லைத் தேர்வதற்கும் இந்தக் கேள்விக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

குர்ரி 1960 மே 18 அன்று ஹெல்சிங்கியில் பிறந்தவர். அந்நகரின் யோக்கெரிட் அணியில் வளர்ந்தார். 1980இல் லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் பின்லாந்துக்கு ஆடியபோது வயது 19. அதே ஆண்டு வட அமெரிக்கத் தேசிய ஹாக்கி லீக்கின் வீரர் தேர்வில் கனடாவின் எட்மன்டன் ஆயிலர்ஸ் அணி அவரை 69ஆவதாக எடுத்தது. யோக்கெரிட்டுடன் அவருக்கு ஒப்பந்தம் இன்னும் மிச்சமிருக்கிறது என்று பிற அணிகள் எண்ணியிருந்ததால்தான் அவ்வளவு பின்னால் கிடைத்தார். ஆங்கிலம் சரியாகத் தெரியாமல் போய் இறங்கினார். அதே அணியில் மாட்டி ஹாக்மன் என்ற இன்னொரு பின்லாந்துக்காரர் இருந்தது துணையாயிற்று.

பிறகு நடந்ததை எண்களே சொல்லும். 1984–85 பருவத்தில் 71 கோல்கள். அந்த ஆண்டு, பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றில் 18 ஆட்டங்களில் 19 கோல்கள். அடுத்த பருவத்தில் 68 கோல்களுடன் லீக்கிலேயே முதலிடம். 1984, 1985, 1987, 1988, 1990 என லீக்கின் வெற்றிக் கோப்பையான ஸ்டான்லி கோப்பைகள் ஐந்து. அவற்றுள் கடைசியை வென்றபோது கிரெட்ஸ்கி எட்மன்டனில் இல்லை. 1988 ஆகஸ்டிலேயே லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மாற்றப்பட்டிருந்தார். அவர் போன முதல் பருவத்திலும் குர்ரி 102 புள்ளிகள் (கோல்களும், பிறர் கோலடிக்கக் கொடுத்தவையும் சேர்த்து) எடுத்தார். வாழ்நாள் கணக்கில் 1,251 ஆட்டங்களில் 601 கோல்களும் 797 கோல்துணைகளும் (ஆங்கிலத்தில் ‘அசிஸ்ட்’). அதாவது, வாங்கி அடித்ததைவிட அடுத்தவர் அடிக்கக் கொடுத்ததே அதிகம். இதைப் பார்த்த பிறகும் ‘இவர் அடித்தார், அவ்வளவுதானே’ என்று என்னால் எழுத முடியாது.

கிரெட்ஸ்கி இலக்கின் பின்புறம் நின்று வட்டை வைத்திருக்கும்போது எல்லாக் கண்களும் அவர் மேல்தான் இருக்கும். தடுப்பாட்டக்காரர்கள் அவரைப் பார்ப்பார்கள், காவலர் கழுத்தைத் திருப்பி அவரையே பார்ப்பார். அந்த வேளையில் குர்ரி யாரும் காவாத ஓர் இடத்துக்கு நழுவிவந்து வளைகோலை உயர்த்தி நிற்பார். கொடுப்பவருக்கு அந்த இடம் தெரியும். பெறுபவருக்கு அந்தக் கணம் தெரியும். இந்த அடியைக் கண்டுபிடித்தவர் அவர் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எட்மன்டனில் அதைப் பார்த்தவர்களுக்கு அது குர்ரியின் அடி. நம் சொல் இந்தக் காத்திருப்பைச் சொல்ல வேண்டும். அடியை மட்டும் சொல்லும் சொல் அவருக்கு நியாயம் செய்யாது.

> ஏற்றடி? எதிரடி? உடனடி?

‘ஏற்றடி’யில்தான் நானும் தொடங்கினேன். ஏற்று அடிப்பது, பொருள் மிகச் சரி. ஆனால் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்: தோழியிடம் ‘விளக்கை ஏற்றடி’ என்பது போல் ஒலிக்கிறது. வினையெச்சத்தோடு ‘அடி’ சேரும்போதெல்லாம் இந்தச் சிக்கல் வரும். ‘எதிரடி’ பகைமையைக் கொண்டுவருகிறது, பதிலடிக்கு உடன்பிறப்பு. இங்கே வட்டைத் தருபவர் நண்பர். ‘நேரடி’, ‘உடனடி’ இரண்டும் பொருளில் மிக அருகில் வருகின்றன, ஆனால் நேரடி ஒளிபரப்பு, உடனடி நடவடிக்கை என்று நாள்தோறும் பத்திரிகையில் உழைக்கும் சொற்களைத் திரும்ப அழைக்க இயலாது.

‘அடி’யை விட்டுவிட்டு ‘வீச்சு’ என்று வைக்கலாம் என ஓர் அம்மையார் எழுதியிருந்தார். அதை நான் வேறோரிடத்தில் பயன்படுத்தியிருக்கிறேன். வட்டை வளைகோலிலேயே வைத்திருந்து மணிக்கட்டைச் சுழற்றி அனுப்புவதற்கு ‘மணிக்கட்டு வீச்சு’ நன்றாகப் பொருந்துகிறது. இது ஓங்கி அடிப்பது. ஆகவே ‘அடி’ இருக்கட்டும்.

என் முன்மொழிவு: வரவடி.

வரவு + அடி, உறவு + ஆடு உறவாடு ஆவதுபோல. வரும் வட்டை அதன் வரவிலேயே அடிப்பது. ‘உன் வரவை எதிர்பார்த்து’ என்கிறோமே, அந்த வரவு. கணக்குப் புத்தகத்தின் வரவும் இதே சொல்தானே என்று கேட்பீர்கள். ஆம், ஆனால் ‘நல்வரவு’ என்று வாசலில் எழுதிவைத்தால் யாரும் பணத்தை நினைப்பதில்லை. முக்கியமாக, வரவு என்றதும் ஒருவர் காத்திருக்கிறார் என்பது சொல்லாமலே விளங்குகிறது.

வாக்கியத்தில் நிற்கிறதா என்று சோதித்தேன்:

கிரெட்ஸ்கி பின்னாலிருந்து தள்ளியதைக் குர்ரி வரவடியாக இலக்கில் செலுத்தினார்.

காவலர் திரும்புமுன் வரவடி பாய்ந்துவிட்டது.

அவரைப் போன்ற வரவடியாளர் அந்த லீக்கில் மிகச் சிலரே.

மூன்றிலும் தடையில்லை. கால்பந்துக் கட்டுரை எழுதுபவர்களும், பந்தை நிறுத்தாமல் உதைப்பதற்கு இதே போக்கில் ‘வரவுதை’ என்று ஆக்கிக்கொள்ளலாம். ஒரு சொல் தன்னைப் போல் இன்னொன்றைப் பெறுமானால் அது வேர்பிடிக்கும் என்று நம்புகிறேன்.

பெயர் எழுதும் முறை பற்றி ஒருவர் கேட்டிருந்தார். பின்னிய மொழியில் அந்த முதலெழுத்து யகரமாகவே ஒலிக்கும். ஆகவே ‘ஜாரி’ அல்ல, ‘யாரி’. ‘குற்றி’ என்று எழுதினால் ஒலியே மாறிவிடும், ‘குர்ரி’ என்றே இருக்கட்டும்.

மறுப்பு இருப்பவர்கள் மாற்றுச்சொல்லோடு எழுதுங்கள். சொல்லை மட்டும் அனுப்பாமல் ஒரு வாக்கியத்தில் வைத்து அனுப்புங்கள். கட்டுரையில் ஏழு இடங்களில் இது வருகிறது, இன்றிரவு ‘வரவடி’ என்று இட்டுவைக்கிறேன். மேலே நான் எழுதியிருக்கும் ‘கோல்துணை’ எனக்கே நிறைவாக இல்லை. ஒரு கோலுக்கு இருவர் வரை அந்தப் பெருமையைப் பெறும் ஆட்டம் இது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

அன்புடன்.