எல்லைப்புறத் தமிழ்வழிப் பள்ளி: தற்கொலைத் தடுப்புத் திட்டத்தில் என்னென்ன எழுதணும்?

வேலந்தாவளம்காரன்:
பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகாவில் ஒரு தமிழ்வழி ஹைஸ்கூல். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். கவுன்சிலர் (மனநல ஆலோசகர்) டீச்சர் வாரத்தில் சில நாள்தான், பேச்சு முழுக்க மலையாளம். எழுத்தில் ஒரு திட்டம் போடச் சொல்லி ஸ்டாஃப் மீட்டிங்கில் முடிவாகியிருக்கு. செப்டம்பர் 10, உலக தற்கொலைத் தடுப்பு நாளுக்கு ஒரு போஸ்டர், ஒரு வகுப்பு போதும் என்று சிலர். பிள்ளையிடம் நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்த மாதிரி ஆகும் என்று சிலர். "செத்துடலாம் போல இருக்கு" என்று ஒரு பிள்ளை சொன்னால் அந்த ஒரு மணி நேரத்தில் யார் என்ன செய்யணும்? மரணமே நடந்துவிட்டால் மறுநாள் காலை என்ன செய்யணும்?

மலைச்சாரல்:
முதலில் அந்த "விதைக்கும்" பயம். நேராகக் கேட்பதால் எண்ணம் வராது. பல ஆய்வுகளில் பார்த்தாகிவிட்டது. கேட்காமல் சுற்றி வளைப்பதுதான் ஆபத்து, "இவங்ககிட்ட இதைச் சொல்லக்கூடாது போல" என்று பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

கேள்வி நாலு. சாகணும்னு தோணுதா? எப்படி என்று யோசிச்சிருக்கியா? அதுக்கானது கைக்கெட்டும் இடத்தில் இருக்கா? முன்னாடி முயற்சி பண்ணியிருக்கியா? முதல் கேள்விக்கு மட்டும் ஆமாம் என்றாலும் அன்றைக்கே வீட்டாரை வரவழைக்கணும். வழியும் யோசித்து, பொருளும் கையில் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. நாளைக்குக் கவுன்சிலர் வரட்டும் என்று தள்ளக்கூடாது.

பள்ளிகள் சறுக்கும் இடங்கள் இவை. பிள்ளையை ஹெச்.எம். அறை வாசல் பெஞ்சில் தனியாக உட்கார வைப்பது. பாத்ரூமுக்குத் தனியே விடுவது. பையையும் போனையும் கொடுத்து நாலு மணி பஸ்ஸில் ஏற்றி அனுப்புவது. யாரிடம் சொன்னதோ அந்த ஆசிரியர் பக்கத்திலேயே இருக்கணும், மற்ற வேலைக்கு இரண்டாம் ஆள். "யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கவே கூடாது. "உன்னைக் காப்பாத்த யாருக்குச் சொல்லணுமோ அவங்களுக்கு மட்டும் சொல்வேன்" என்பதுதான் உண்மையான பேச்சு. "இனி இப்படிச் செய்ய மாட்டேன்" என்று எழுதி வாங்குவதால் பயன் இல்லை, பள்ளிக்கு ஒரு காகிதம் மிச்சம். அதற்குப் பதில் பிள்ளையோடு உட்கார்ந்து பாதுகாப்புத் திட்டம் எழுதுங்க: எப்போது மனசு மோசமாகிறது, தானே என்ன செய்தால் தணிகிறது, யாரோடு போய் இருக்கலாம், யாரைக் கூப்பிடலாம், எந்த நம்பர், வீட்டில் எதை அப்புறப்படுத்தணும்.

அந்தக் கடைசி வரிதான் நம்ம பக்கத்துக்கு முக்கியம். தென்னந்தோப்பு, வயல் இருக்கிற வீடு என்றால் பூச்சி மருந்து திண்ணையிலேயே கிடக்கும். சாகணும் என்ற வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணிகிற ஒன்று. அந்த நேரத்தில் கைக்கெட்டாமல் இருந்தாலே உயிர் தப்பும். பூச்சி மருந்தும் தாத்தா பாட்டியின் மாத்திரைகளும் பூட்டுக்குள், சாவி பெரியவர் மடியில். பெற்றோரிடம் இதை வாய்விட்டுச் சொல்லணும், ஜாடையாகச் சொன்னால் புரியாது.

எதையாவது குடித்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே 108. பிள்ளை தெளிவாகத் தெரிந்தாலும் சரி. சில விஷங்கள் நேரம் கழித்துத்தான் வேலை காட்டும். வாந்தி எடுக்க வைக்காதீங்க, பாட்டிலையோ அட்டையையோ கூடவே கொண்டு போங்க.

எல்லைக்கோடு:
மலைச்சாரல் சொன்னதோடு மொழி விஷயம் ஒன்று. கவுன்சிலர் "மோளே, விஷமம் உண்டோ?" என்று கேட்பார். மலையாளத்தில் அது வருத்தம். நம்ம பிள்ளைக்கு விஷமம் என்றால் குறும்பு. "இல்லை டீச்சர், நான் ஒண்ணும் பண்ணலை" என்று பதில் வரும். கவுன்சிலர் ரெஜிஸ்டரில் "பிரச்சினை இல்லை" என்று ஏறிவிடும். சங்கடமும் அப்படித்தான்: அங்கே துக்கம், இங்கே தர்மசங்கடம். மேலே உள்ள நாலு கேள்வியையும் தமிழில் அச்சடித்துக் கவுன்சிலர் கையில் கொடுங்க, ஒரு தமிழ் டீச்சரும் கூட இருக்கட்டும். மொழிபெயர்க்க இன்னொரு பிள்ளையைக் கூப்பிட வேண்டவே வேண்டாம். பிள்ளை சொன்னதைச் சொன்ன சொல்லிலேயே, நேரம் போட்டுக் குறியுங்க. "மனச்சோர்வாக உள்ளார்" என்று எழுதினால் டாக்டருக்கு ஒன்றும் கிடைக்காது.

நம்பர்கள்: அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும், தமிழ் தேர்வு உண்டு, இரண்டு மாநிலத்திலும் ஓடும். கேரளாவில் அரசு உதவி எண் திசா 1056. குழந்தைகளுக்கு 1098. பிள்ளை வீடு எந்த மாநிலம் என்பதை அட்மிஷன் ரெஜிஸ்டரிலேயே குறித்து, பாலக்காடா கோயம்புத்தூரா, எந்த ஆஸ்பத்திரியில் எந்த நாள் மனநல ஓ.பி. என்று முன்கூட்டியே விசாரித்து வைங்க.

வீட்டிலேயே யாரோ தொந்தரவு தருவதுதான் காரணம் என்றால் அந்த வீட்டுக்குப் போன் போடக்கூடாது. பாலியல் கொடுமை என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்ஸோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி போலீசுக்குச் சொல்லியே ஆகணும், ஹெச்.எம். யோசித்துச் சொல்ல அது விருப்பப் பாடம் இல்லை.

பெற்றோர் "கேஸ் ஆயிடும்" என்று பயந்து டாக்டரிடம் வயிற்று வலி என்பார்கள், சிகிச்சை தடம் மாறிவிடும். 2017 மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு முயன்றவரைத் தண்டனையிலிருந்து காக்கிறது. 2024 ஜூலை 1-இல் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவு இல்லை. இதை எடுத்துச் சொல்லுங்க.

போஸ்டர் கட்சிக்கு: விசாகப்பட்டினத்தில் இறந்த நீட் மாணவி வழக்கில் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் தந்தது. 100 அல்லது அதற்கு மேல் மாணவர் இருந்தால் தகுதியுள்ள ஒரு கவுன்சிலராவது வேண்டும், ஊழியர் எல்லோருக்கும் வருடத்துக்கு இரண்டு முறையாவது பயிற்சி வேண்டும். ஆனால் ஆசிரியர் பயிற்சியோடு நிறுத்தாதீங்க. ஐரோப்பாவில் 10 நாடுகள், 168 பள்ளிகள், 11,110 மாணவர்களை வைத்து நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது. ஆசிரியருக்கு மட்டும் பயிற்சி கொடுத்த பள்ளிகளில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. பிள்ளைகளையே நடித்துப் பார்க்கவும் பேசவும் வைத்த பள்ளிகளில் முயற்சிகள் குறைந்தன. பிள்ளைகள் முதலில் கூட்டாளியிடம்தான் சொல்கிறார்கள், அந்தக் கூட்டாளிக்குத்தான் அடுத்து யாரிடம் போவது என்று தெரியணும்.

மணியோசை:
இரண்டாவது கேள்விக்கு, அதாவது மரணம் நடந்துவிட்டால் மறுநாள் காலை என்ன செய்வது என்பதற்கு.

குடும்பத்திடம் உறுதி செய்யாமல் எதையும் அறிவிக்காதீங்க. முதல் மணிக்கு முன் ஆசிரியர் எல்லோருக்கும் ஒரே நாலு வரி. அசெம்ப்ளியில் சொல்லாமல், வகுப்பு வகுப்பாக, தெரிந்த ஆசிரியர் வாயால் சொல்லுங்க. எப்படி, எங்கே என்ற விவரம் வேண்டாம். "மார்க் குறைஞ்சதால" என்று ஒற்றைக் காரணமும் வேண்டாம், அதே மார்க் வாங்கிய இன்னொரு பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கும்.

லீவு விடும் வழக்கத்தை விடுங்க. அப்பா அம்மா வேலைக்குப் போன காலி வீட்டுக்குப் பிள்ளைகள் போகும். கேட்டில் போட்டோ போட்டு "கண்ணீர் அஞ்சலி" ஃப்ளெக்ஸ் வேண்டாம். விபத்தில் இறந்த பிள்ளைக்கு என்ன செய்வீர்களோ அதற்கு மேலும் வேண்டாம், கீழும் வேண்டாம். அந்தப் பிள்ளையின் நெருங்கிய சிநேகிதர்கள், கடைசியாகச் சண்டை போட்டவர், முன்பு முயன்றவர், சமீபத்தில் வீட்டில் மரணம் கண்டவர் என்று பட்டியல் போட்டு அன்றைக்கே தனித்தனியாகப் பார்த்துவிடுங்க.

முயன்று பிழைத்து வரும் பிள்ளைக்கு டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய முதல் வாரங்கள்தான் அதிக ஆபத்து. வகுப்புக்கு வரும் முன்பே பெற்றோரோடு ஒரு சந்திப்பு, விடுபட்ட பாடத்தில் எதைத் தள்ளுபடி செய்வது, கூட்டாளிகள் கேட்டால் என்ன சொல்வது, தினமும் பார்க்க ஒரே ஆசிரியர்.

வேலந்தாவளம்காரன்:
நன்றி சார். பெற்றோர் இருவரும் கூலி வேலை, போன் எடுக்கவில்லை என்றால்?

மலைச்சாரல்:
அட்மிஷன் படிவத்தில் மூன்றாவது நம்பர் ஒன்று வாங்கிடுங்க, அத்தையோ மாமாவோ, பகலில் வீட்டில் இருப்பவராக. அவரும் எடுக்காவிட்டால் இரண்டு ஆசிரியர் சேர்ந்து ஆஸ்பத்திரிக்கு, அதில் ஒருவர் பெண். மூன்றாவது ஆசிரியர் ஒருவர் வீட்டுக்கு நேரில் போய் ஆளைக் கூட்டி வரணும். யார் போவது என்பதை ஜூன் மாத ஸ்டாஃப் மீட்டிங்கிலேயே பெயர் போட்டு எழுதுங்க, அவர் லீவு என்றால் யார் என்பதையும்.