புதுப்பிப்பு: அடைபட்ட குன்னூர் பாதையும் என் கேரட் லோடும்

போன மாதம் எழுதியது இதுதான்: மண்சரிவில் குன்னூர் மலைப்பாதை அடைபட்டது, கேத்தியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஒப்புக்கொண்ட கேரட் போகவில்லை, வியாபாரி நஷ்டஈடு கேட்கிறார். செய்யவே முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்கிற, 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு காப்பாற்றும் என்று மார்தட்டியிருந்தேன்.

காப்பாற்றாது. வக்கீல் ஒரே கேள்விதான் கேட்டார்: "கோத்தகிரி சாலை திறந்துதானே இருந்தது?" இருந்தது. சுற்று, கூடுதல் டீசல், அவ்வளவுதான்.

1956-இல் சூயஸ் கால்வாய் மூடப்பட்டபோது, சூடான் நிலக்கடலையை ஹாம்பர்க்குக்கு அனுப்பவேண்டிய நிறுவனமும் என்னைப் போலத்தான் வாதாடியது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயிருக்கலாமே என்று அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது. அவர்கள் ஆப்பிரிக்காவையே சுற்றவேண்டியிருந்தது, எனக்குக் கோத்தகிரிதான்! நம் உச்ச நீதிமன்றமும் 1954-இல், சத்யபிரதா கோஷ் வழக்கில், ஒப்பந்தத்தின் அடித்தளமே தகர்ந்தால்தான் விடுதலை என்றது. செலவு ஏறுவது அந்தக் கணக்கில் வராது. குறிப்பிட்ட ஒரு தோட்டத்துக் கேரட் என்று எழுதி, அந்தத் தோட்டமே சரிந்திருந்தால் கதை வேறு.

வியாபாரியிடம் பேசி, கேட்டதில் பாதிக்கு முடித்துக்கொண்டேன். புதிய ஒப்பந்தத்தில் "குன்னூர் வழியாக மட்டும்" என்று சேர்க்கப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே அந்த வரியை அடித்துவிட்டார்.