போர் தண்ணீரில் உப்பும் எண்ணெய்ப் படலமும்: எங்கே சோதிப்பது?

மணலி புதுநகர். வீட்டு போர் 60 அடி. தை மாதம் வரை குளிக்க, பாத்திரம் கழுவ எல்லாம் அதுதான். இப்போது டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) லிட்டருக்கு 2,400 மில்லிகிராம். குடிநீருக்கு உச்ச வரம்பே 2,000. குடத்தில் ஒரு ராத்திரி வைத்தால் மேலே வானவில் நிறப் படலம். குச்சியால் கலைத்தால் துண்டு துண்டாக உடையாமல் மறுபடி ஒன்றுசேர்கிறது, அதனால் இரும்பு பாக்டீரியா இல்லை, எண்ணெய்தான் என்று நினைக்கிறேன். அம்மாவுக்குக் கையெல்லாம் அரிப்பு.

தொட்டி கழுவினோம், ஃபில்டர் மாற்றினோம், குளோரின் போட்டோம். மனு கொடுத்து மூன்று மாதம், பதில் இல்லை. இன்னும் ஆழமாகப் போடச் சொல்கிறார்கள். மீஞ்சூர் பக்கம் அளவில்லாமல் உறிஞ்சித்தானே கடல்நீர் உள்ளே வந்தது? எனக்கு மனசு வரவில்லை.

எண்ணெய், கன உலோகம் இரண்டையும் சோதித்து, அதிகாரிகள் ஏற்கும்படி அறிக்கை தரும் ஆய்வகம் சென்னையில் எது?