மொழியியலும் பன்மொழியமும் இளங்கலையில் படிப்பது பற்றி

கேள்வி

பள்ளிப் படிப்பை முடிக்கும் நிலையில் இருக்கிறேன். இளங்கலையில் மொழியியல் படிக்க வேண்டும் என்ற விருப்பம் எனக்கு உறுதியாக உள்ளது. ஆனால் சில பல்கலைக்கழகங்களில் அது மொழியியல் என்ற தனிப் பட்டமாகவும், வேறு சிலவற்றில் மொழியியலும் பன்மொழியமும் இணைந்த பட்டமாகவும் இருப்பதைக் காண்கிறேன். பன்மொழியம், அதாவது ஒருவரோ ஒரு சமூகமோ பல மொழிகளைக் கையாள்வது பற்றிய படிப்பு, தனியாகக் கற்கும் அளவுக்கு ஆழமுள்ள துறைதானா, அல்லது பெயருக்காகச் சேர்க்கப்பட்டதா என்பது விளங்கவில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்தவை இரண்டே மொழிகள். நான்கைந்து மொழிகள் அறிந்தவர்கள்தாம் இதில் சேர வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். முதலாண்டில் என்ன கற்பிப்பார்கள், கணக்கில் வலுவில்லாதவர் படிக்கலாமா, படித்தபின் எந்தப் பணிகளுக்குச் செல்லலாம் என்பவற்றையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (மொழியியல் கற்பிப்பவர்)

இரண்டு மொழிகள் போதும். ஒரு மொழியைப் பேசுபவர் அறியாமலே பின்பற்றும் ஒழுங்குகளைக் கண்டெடுத்து, அவற்றைச் சான்றுகளுடன் விளக்குவதே மொழியியலின் வேலை. காடு, தங்கம், மகன் ஆகிய மூன்று சொற்களையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். ஒரே ககரத்தை எழுதுகிறோம், ஆனால் மூன்று இடங்களிலும் வேறு வேறு ஒலியை எழுப்புகிறோம். சொல்லின் முதலிலா, மெல்லினத்தை அடுத்தா, உயிர்களுக்கு இடையிலா என்பதைக் கொண்டு எந்த ஒலி வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியும். முதலாண்டின் ஒலியியல் (பேச்சொலிகள் எழும் விதம்), ஒலியனியல் (ஒரு மொழியில் ஒலிகள் இயங்கும் ஒழுங்கு) வகுப்புகளில் இத்தகைய ஒழுங்குகளை, நீங்கள் ஒருபோதும் கேட்டிராத மொழிகளின் தரவுகளிலிருந்து கண்டறியப் பழகுவீர்கள். சொல்லின் அமைப்பை ஆராயும் உருபனியலும், வாக்கிய அமைப்பை ஆராயும் தொடரியலும், பொருளை ஆராயும் பொருண்மையியலும் பெரும்பாலும் உடன் வரும்.

பன்மொழியம் ஆழமுள்ள துறைதான். இரண்டு மொழிகளைக் கலந்து பேசுவதை ஒழுங்கின்மை என்று பலர் கருதுகிறார்கள். ஆனால் நியூயார்க்கில் வாழ்ந்த புவேர்ட்டோ ரிக்கோ மக்களின் ஸ்பானிய, ஆங்கிலப் பேச்சை ஆராய்ந்து ஷானா போப்லாக் 1980இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது இலக்கணக் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டே நடக்கிறது என்று காட்டியது. நம் பேச்சிலேயே இதைச் சோதிக்கலாம். ‘டிரைவ் பண்ணினான்’ என்று சொல்கிறோமே தவிர, ஆங்கில வினையோடு தமிழ் விகுதியை நேரடியாக ஒட்டி ‘டிரைவினான்’ என்று சொல்வதில்லை. இந்த விதியை நமக்கு யாரும் கற்பித்ததில்லை. ஆனாலும் இரு மொழியும் அறிந்த சிறுவர்கூட அதை மீறுவதில்லை. ஏன் என்று கேட்கத் தொடங்கினால் ஒரு பருவம் முழுவதும் அதிலேயே செல்லும்.

ஒரு சமூகத்தில் மொழிகள் நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்தால் என்ன நேர்கிறது என்பது இதன் மறுபக்கம். மகாராட்டிரத்தின் குப்வார் என்ற ஊரில் கன்னடம், மராத்தி, உருது ஆகியவற்றை ஆராய்ந்து ஜான் கம்பர்ஸும் ராபர்ட் வில்சனும் 1971இல் எழுதியதை அநேகமாக ஏதேனும் ஒரு வகுப்பில் படிப்பீர்கள். சொற்கள் தனித்தனியாக நிற்க, வாக்கிய அமைப்பு மட்டும் மிகவும் நெருங்கி, ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிடலாம் என்ற நிலையை அவர்கள் அங்கே கண்டார்கள்.

உளவியல் சார்ந்த பகுதியும் உண்டு; எனக்கு மிகவும் பிடித்தது அதுவே. இருமொழி பேசுவது குழந்தையின் அறிவு வளர்ச்சியைத் தடுக்கும் என்று இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பல ஆய்வுகள் கூறின. அவற்றில் பல, குடும்பங்களின் பொருளாதார நிலை வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாமலே குழந்தைகளை ஒப்பிட்டவை. எலிசபெத் பீலும் வாலஸ் லாம்பெர்ட்டும் மாண்ட்ரியாலில் அந்த வேறுபாட்டைக் கட்டுப்படுத்தி நடத்திய ஆய்வு 1962இல் வெளிவந்தது. அதில் இருமொழிக் குழந்தைகளே பல தேர்வுகளில் மேலான மதிப்பெண் பெற்றிருந்தனர். பிற்காலத்தில் இருமொழியாளருக்குக் கவனத்தைக் கட்டுப்படுத்தும் திறன் கூடுதல் என்ற கருத்து பரவியது. அதே முடிவு வேறு பல ஆய்வுகளில் கிடைக்காததால் அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. ஒரு முடிவை எவ்வளவு நம்பலாம் என்று எடை போடக் கற்பது இப்படிப்பின் பெரும்பயன் என்பது என் கருத்து.

மறுமொழி 2 (பேச்சுத் தொழில்நுட்பத் துறையில் பணிபுரிபவர்)

கணக்கைப் பற்றிய அச்சம் தேவையில்லை, ஆனால் அதை முற்றிலும் தவிர்க்கவும் முடியாது. மொழிக்கும் சமூகத்துக்கும் உள்ள தொடர்பை ஆராயும் சமூக மொழியியலிலும், மனம் மொழியைக் கையாளும் விதத்தை ஆராயும் உளமொழியியலிலும் புள்ளியியல் வேண்டும். பொருண்மையியலில் ஓரளவு தருக்கம் வரும். ஒலி அலைகளை அளக்க ‘பிராட்’ என்ற இலவச மென்பொருளைப் பழகிக்கொள்ளுங்கள்.

வேலையைப் பொறுத்தவரை நேராகச் சொல்லிவிடுகிறேன். மொழியியலாளர் என்ற பெயரிலேயே வரும் பணிகள் குறைவு. அகராதிப் பணி, மொழி கற்பித்தல், அழிநிலை மொழிகளை ஆவணப்படுத்துதல், பேச்சையும் எழுத்தையும் கையாளும் மென்பொருள்களுக்குத் தரவு உருவாக்குதல் ஆகியவற்றுக்கு இப்பட்டம் நல்ல அடித்தளம். பேச்சுச் சிகிச்சைக்கு இது மட்டும் போதாது. அதற்கெனத் தனித் தகுதிப் படிப்பு வேண்டும். என் துறைக்கு வர விரும்பினால் இரண்டாம் ஆண்டுக்குள் ஒரு கணினி நிரல் மொழியைக் கற்றுவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. சேருவதற்கு முன்பே என் ஆர்வம் உண்மையானதுதானா என்று சோதித்துக்கொள்ள வழி உண்டா? இரண்டு பட்டங்களில் ஒன்றை எதைப் பார்த்துத் தெரிவு செய்வது?

மறுமொழி 1 (மொழியியல் கற்பிப்பவர்)

2003இல் பல்கேரியாவில் தொடங்கிய சர்வதேச மொழியியல் ஒலிம்பியாட் பள்ளி மாணவர்களுக்கானது. அதன் பழைய வினாக்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அறியாத மொழியின் சில வாக்கியங்களையும் அவற்றின் பொருளையும் கொடுத்து இலக்கணத்தைக் கண்டறியச் சொல்வார்கள். முன்னறிவு எதுவும் வேண்டியதில்லை. ஒரு வினாவோடு ஒரு மாலை முழுவதும் போராடியபின் இன்னொன்றைத் தேடத் தோன்றுகிறதா என்று பாருங்கள்.

தெரிவைப் பொறுத்தவரை, பட்டத்தின் பெயரைவிடக் கட்டாயப் பாடங்களின் பட்டியலே முக்கியம். இணைந்த பட்டத்தில் ஒலியனியலும் தொடரியலும் கட்டாயமாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அவை விருப்பப் பாடங்களாக மட்டும் இருந்தால் தனி மொழியியலையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் இரண்டு இலக்கணங்கள் எப்படிச் சந்திக்கின்றன என்று ஆராய ஓர் இலக்கணத்தையாவது பகுக்கத் தெரிந்திருக்க வேண்டும். அவை கட்டாயமாக இருந்து, கள ஆய்வும் புள்ளியியலும் உடன் இருந்தால் இணைந்த பட்டத்தைத் தயங்காமல் எடுங்கள். இறுதியாண்டில் மாணவரே தரவு திரட்டி ஆய்வேடு எழுத வேண்டுமா என்பதையும் அந்தத் துறைக்கு எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.