தரங்கம்பாடிச் செப்புக்காசில் பச்சைத்தூள், நிறுத்த வழி உண்டா?

வணக்கம். ஐப்பசி அடைமழையில் தோட்டத்தில் கால் வைக்க முடியாது. திண்ணையில் உட்கார்ந்து விதை பிரிப்பேன், அப்புறம் பழைய காசுகளை எடுத்துப் பார்ப்பேன். அதில் ஒன்று கண்ணெதிரே அரிபடுகிறது.

பொறையாறு பக்கம், சேனைக்கிழங்குக்குக் கொத்தும்போது கிடைத்த சின்னச் செப்புக்காசு. கிரீடம், அதன் கீழே சி எழுத்தும் 7-உம். டென்மார்க் அரசர் ஏழாம் கிறிஸ்டியன் (1766–1808) காலத்துத் தரங்கம்பாடிக் காசு.

கோடை முழுக்க நன்றாக இருந்தது. மழை பிடித்ததும் கிரீடத்தின் ஓரம் வெளிர்பச்சைத் தூள் பூக்கிறது. தொட்டால் உதிர்கிறது, அடியில் ஊசிமுனைக் குழி. பழங்காசில் படியும் கெட்டியான கரும்பச்சை இல்லை இது. மண்ணிலிருந்து ஏறிய குளோரைடு உப்பு, ஈரம் பட்டுச் செம்பை அரிக்கிறது.

புளி, எலுமிச்சை பக்கம் போகவில்லை. எழுத்தும் சேர்ந்து போய்விடும். டிஸ்டில்டு வாட்டரை மாற்றி மாற்றி ஊறவைத்தேன், மூங்கில் குச்சியால் தூளை எடுத்தேன், நன்றாக உலர்த்தி, விதை டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு மூடினேன். அடுத்த மழைக்கே தூள் திரும்பிவிட்டது. நகைக்கடையில் பாலிஷ் போடச் சொன்னார்கள், எனக்கு மனம் வரவில்லை.

இதே தொல்லையைத் தீர்த்தவர்கள் சொல்லுங்கள்: எழுத்து தேயாமல், தூள் திரும்ப வராமல் எப்படி நிறுத்தினீர்கள்?