நன்மை வாங்கப் போனபோது "எழுந்திரு" என்றார் சாமி. உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

கிராதியோரம்

போன மாதம், ஞாயிறுப் பூசை. நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்கும் வரிசையில் என் முறை வந்ததும் எப்போதும்போல முழந்தாளிட்டு வாயைத் திறந்தேன். சாமி, அதாவது எங்கள் பங்குக் குரு, புதியவர், வந்து மூன்று வாரம்தான். அப்பத்தைக் கையில் பிடித்தபடியே, "எழுந்திரு, எல்லாரையும்போலக் கையில் வாங்கு" என்றார். மெதுவாகக்கூடச் சொல்லவில்லை. பின்னால் நின்றவர் ஓர் அடி தள்ளிப்போகும் சத்தம் கேட்டது. எழுந்தேன், கையை நீட்டி வாங்கினேன், வந்து உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அவர் "கிறிஸ்துவின் திருவுடல்" என்று சொல்லவில்லை, நான் "ஆமென்" சொல்லவில்லை. புதுநன்மை வாங்கிய நாளிலிருந்து அந்தச் சொல் இல்லாமல் நான் வாங்கியதே கிடையாது. ஒரு மாதமாக அதுதான் மனதைக் குடைகிறது.

2004-ல் வந்த ரோமையின் வழிபாட்டு விதிமுறையான ரெதெம்ப்சியோனிஸ் சாக்ரமெந்தும் என்ன சொல்கிறது என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். முழந்தாளிட்டதற்காக மட்டுமோ நின்றதற்காக மட்டுமோ ஒருவருக்கு நன்மையை மறுக்கக் கூடாது (எண் 91). நாவில் வாங்க ஒவ்வொருவருக்கும் எப்போதும் உரிமை உண்டு (எண் 92). சட்டம் என் பக்கம்தான். ஆனாலும் அந்த ஆமென் போனது போனதுதான். பழைய முறையா, மாற்றமா என்று திருச்சபைக்குள் நடக்கும் இந்தச் சண்டை இப்படி நேரே உங்கள் முகத்துக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறதா?

ஓர் அம்மா

எனக்கு வந்தது. 2023 கிறிஸ்துமஸ். ஒரே பாலின இணைகளுக்கும் ஆசீர் கொடுக்கலாம் என்ற ரோமை ஆவணம் ஃபிதூச்சியா சுப்ளிக்கன்ஸ் வெளிவந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, டிசம்பர் 18-ல் வந்தது. என் மகனும் அவனோடு வாழும் பையனும் வந்திருந்தார்கள். மகனுக்குப் போக விருப்பமே இல்லை. நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பூசை முடிந்ததும் இரண்டு பேரையும் சாமி பூசை உடை மாற்றும் சக்கிறீஸ்துக்கு அழைத்துப்போய், "சாமி, பிள்ளைகளுக்கு ஓர் ஆசீர் கொடுங்கள்" என்றேன். கல்யாண மந்திரமா கேட்டேன்? நோயாளிக்குக் கொடுப்பதுபோல, பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்குக் கொடுப்பதுபோல ஓர் ஆசீர்.

சாமிக்கு என் மகனைப் பீடச்சிறுவனாக இருந்த காலத்திலிருந்தே தெரியும். முதலில் எங்களைத் தாண்டிக் கதவைப் பார்த்தார். அப்புறம் மகனின் நெற்றியில் சிலுவை வரைந்தார். அடுத்து அந்தப் பையனின் நெற்றிவரை கை போனது. அங்கே நின்றது. கையை இறக்கி, தோளில் தட்டிக்கொடுத்து, "சந்தோஷமாக இருங்கள்" என்றார்.

அந்தப் பையன் கண்ணை மூடித் தலையைக் குனிந்து காத்திருந்தான். தோளில் கை பட்டதும் கண்ணைத் திறந்தான். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

பழைய பூசைப்புத்தகம்

கிராதியோரம், முதலில் உங்களுக்கு. எண் 91 உங்கள் விஷயத்துக்குப் பொருந்தாது. சாமி நன்மையை மறுக்கவில்லையே, எழச் சொன்னார், கொடுத்தார். பொருந்துவது 92 மட்டும்தான். இந்த வித்தியாசம் தெரியாமல் ஆயருக்கு எழுதினால் முதல் பத்தியிலேயே உங்கள் கடிதம் விழுந்துவிடும். 1969-ல் மெமோரியாலே தோமினி என்ற ஆவணம் வந்தபோது நாவில் வாங்குவதுதான் வழக்கமாகத் தொடர வேண்டும் என்றுதான் ரோமை சொன்னது. கையில் வாங்கும் பழக்கம் ஏற்கெனவே பரவியிருந்த இடங்களில் ஆயர் பேரவைகள் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு வழி விட்டார்கள், அவ்வளவுதான். விதிவிலக்காக வந்தது இன்று "எல்லாரையும்போல" ஆகிவிட்டது.

அம்மா, உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் அந்தச் சாமியின் நிலையையும் பாருங்கள். 2021 மார்ச்சில் ஒரே பாலினத்தவர் உறவுகளை ஆசீர்வதிக்கத் திருச்சபைக்கு அதிகாரம் இல்லை என்று ரோமையின் விசுவாசக் கோட்பாட்டுத் துறை சொன்னது. மூன்று வருடம்கூட ஆகாமல் அதே துறை, உறவை அங்கீகரிக்காமல், சடங்காகச் செய்யாமல், இணையாக வருபவர்களை ஆசீர்வதிக்கலாம் என்றது. அடுத்த மாதமே, பத்துப் பதினைந்து வினாடிதான் ஆகும் என்று விளக்கம் கொடுத்தது. ஆப்பிரிக்க ஆயர்கள் 2024 ஜனவரியில் எங்கள் கோயில்களில் இது நடக்காது என்று அறிவித்தார்கள். ஒரு பங்குச்சாமி யார் சொல்வதைக் கேட்பார்? அவருடைய கை நின்றதற்கு அவர் மட்டும் காரணமில்லை.

என் கதை சின்னது. 14 வருடம் பழைய இலத்தீன் பூசையில் உதவியவன். 2007-ல் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் அந்தப் பழைய பூசைக்குக் கதவைத் திறந்தபோது அழுதவன். 2021 ஜூலை 16-ல் அந்தப் பூசையைக் கட்டுப்படுத்தி, திருத்தந்தை பிரான்சிஸின் ட்ரதித்சியோனிஸ் குஸ்தோதெஸ் ஆணை வந்தது. அதன்படி பங்குக்கோயில் எங்களுக்குக் கிடையாது. டிசம்பரில் வந்த விளக்கத்தின்படி பங்கின் பூசை நேரப் பட்டியலில்கூட எங்கள் பூசையைப் போடக்கூடாது. ஒரு பள்ளியின் விளையாட்டுக்கூடத்துக்குப் போனோம். முதல் வாரம் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி கதவைத் தாண்டியதும் பழக்கத்தில் வலது முழந்தாளை மடக்கினாள். நிமிர்ந்து பார்த்தால் எதிரே நற்கருணைப் பேழை இல்லை, கூடைப்பந்து வளையம் இருந்தது. "அப்பா, இயேசு எங்கே?" என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை.

சரி, கிராதியோரம், நீங்கள் செய்ய வேண்டியது. தேதி, பூசை நேரம், சொன்ன வார்த்தை மூன்றையும் இன்றே எழுதி வையுங்கள். பூசை முடிந்த கையோடு போய்ப் பேசாதீர்கள், சாமிக்கும் களைப்பு, உங்களுக்கும் கோபம். வாரநாளில் தனியாகப் போங்கள். முதல் சந்திப்பில் எண்களை மேற்கோள் காட்டவே வேண்டாம். "எனக்கு ஆமென் சொல்ல முடியாமல் போனது" என்று மட்டும் சொல்லுங்கள், அது போதும். பதில் இல்லையென்றால் ஆயருக்கு ஒரே ஒரு பக்கம். யாரையும் கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள், கும்பலாக வந்தால் கட்சி என்று நினைப்பார்கள். கைபேசியில் பதிவு செய்யவே செய்யாதீர்கள். முழந்தாளிடுவதாக இருந்தால் பின்னால் வருபவர் தடுக்கி விழாதபடி வரிசையின் கடைசியில் போங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கோபத்தில், பழைய பூசைக்காக ரோமையோடு மோதிய பேராயர் லெஃபேவ்ரின் ஆட்களிடம் போய்விடாதீர்கள். 1988-ல் திருத்தந்தையின் அனுமதி இல்லாமல் அவர் நான்கு ஆயர்களைத் திருநிலைப்படுத்திய காயம் இன்னும் முழுதாக ஆறவில்லை. என் நண்பர்கள் மூன்று பேர் போனார்கள், இப்போது எங்களோடு சேர்ந்து செபிக்கவும் மாட்டார்கள். அம்மா, நீங்களும் இனிமேல் பெருவிழா நாளில் போய்க் கேட்காதீர்கள், கூட்டத்தைப் பார்த்தால் எந்தச் சாமியும் தயங்குவார்.

ஓர் அம்மா

தம்பி, நான் ஆலோசனை கேட்கவில்லை. நீங்கள் எடுத்துக்காட்டிய அதே 2021 ஆவணத்தில், தன்பாலீர்ப்பு உள்ள தனி ஆளுக்கு ஆசீர் கொடுப்பதற்குத் தடை இல்லை என்றும் இருக்கிறது. என் மகனுக்குச் சாமி தனியாகத்தானே சிலுவை வரைந்தார்? அடுத்தவனுக்கும் அப்படியே வரைந்திருந்தால் எந்த ஆவணத்தையும் மீறியிருக்க மாட்டார். அதனால்தான் அந்தக் கை நின்றது எனக்கு இன்றுவரை வலிக்கிறது.

அந்தச் சிறுமி கேட்ட கேள்வி என்னையும் உலுக்கிவிட்டது. அதை மறைக்க மாட்டேன்.

பாதியில் திரும்பியவன்

குருமடத்தில் ஆறு வருடம். 2005-ல் வந்த விதிமுறை தெரிந்துதான் சேர்ந்தேன்: ஆழ வேரூன்றிய தன்பாலீர்ப்பு உள்ளவர்களைக் குருத்துவத்துக்கு ஏற்கக் கூடாது. எனக்கு இருப்பது அப்படி ஆழமானதா, கடந்துபோகிறதா என்று எனக்கே தெரியாது. கற்பு வாக்கை மனதாரக் கொடுக்கத்தான் இருந்தேன். குருவாவதற்கு முந்தைய படியான தியாக்கோன் பட்டத்துக்கு முன்னால் பொய்யோடு பீடத்தில் முகங்குப்புறப் படுக்க முடியாது என்று தோன்றியது. அதிபரிடம் போய்ச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்தார். ரொம்ப நேரம் கழித்து, "நீ இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாமே" என்றார்.

நல்ல மனிதர், என்மேல் பாசத்தில்தான் சொன்னார். போ என்று கத்தியிருந்தால் இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்திருக்க மாட்டேன். திருச்சபையின் மறைக்கல்வி நூலில் எண் 2358 எங்களை மரியாதையோடும் பரிவோடும் நடத்தச் சொல்கிறது. அதற்கு முந்தைய, தன்பாலினச் செயல்களைத் தவறு என்று சொல்லும் 2357-ஐ எல்லாரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அன்று அந்த அறையில் இரண்டு எண்ணுமே இல்லை. வாயை மூடியிருந்தால் இன்று நான் உங்களில் யாருக்காவது பூசை வைத்துக்கொண்டிருப்பேன்.

மூன்று பிள்ளைக்காரி

ஒரே மாதம், இரண்டு பாவசங்கீர்த்தனத் தொட்டி. மூன்றாவது பிரசவத்தில் என் உயிர் போய் வந்தது. கருத்தடை மாத்திரை எடுப்பதைச் சொன்னேன். ஒரு சாமி, விட்டுவிடுவேன் என்று வாக்குக் கொடுத்தால்தான் பாவமன்னிப்பு என்றார். இன்னொருவர், "உன் மனச்சாட்சி, அம்மா" என்று சொல்லி மூன்று அருள்நிறை மந்திரம் கொடுத்தார். செயற்கைக் கருத்தடை கூடாது என்று 1968-ல் திருத்தந்தை 6-ஆம் பவுல் எழுதிய ஹுமானே வீத்தே இரண்டு பேருக்கும் ஒன்றுதானே? முதல் தொட்டியிலிருந்து பாவமன்னிப்பு இல்லாமல் எழுந்தபோது என் பின்னால் வரிசையில் என் மாமியார் நின்றார். எவ்வளவு சீக்கிரம் வெளியே வந்தேன் என்பதை அவர் கவனித்தார்.

பேரவையில் இருந்தவர்

பூசை, நாக்கு, கை என்று பேசுகிறீர்கள். இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். நான் ஒரு குருவானவர்மேல் வந்த புகாரை எழுத்தில் கொண்டுபோய் மேலிடத்தில் கொடுத்தேன். பொறுப்பில் இருந்தவர் இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். சாவியை அங்கிப் பைக்குள் போட்டார். "செபமாலை சொல்லுங்கள், வெளியே பேச வேண்டாம்" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

பாலியல் அத்துமீறல் புகார்களுக்காக 2019-ல் வந்த வோஸ் எஸ்திஸ் லுக்ஸ் முந்தி சட்டத்தை அதற்குப் பிறகுதான் படித்தேன். புகார் கொடுத்தவர்மேல் மௌனக் கட்டாயம் விதிக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் மக்கள் புகார் கொடுக்க ஏற்பாடு இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. நான் தலையாட்டியதுதான் என்னை வதைக்கிறது. பாரம்பரியக்காரர், மாற்றக்காரர் என்று இரண்டு பக்கமும் உடனே இதைத் தங்கள் சண்டைக்கு எடுத்துக்கொள்வீர்கள். தயவுசெய்து வேண்டாம். பாதிக்கப்பட்ட அந்தக் குடும்பம் எந்தப் பக்கமும் இல்லை.

கிராதியோரம்

பேரவையில் இருந்தவரே, மன்னியுங்கள். உங்களுடையதைப் படித்ததும் என் பதிவை எடுத்துவிடலாமா என்று நினைத்தேன்.

பழைய பூசைப்புத்தகம் அண்ணா, 91 பற்றி நீங்கள் சொன்னது சரி, ஏற்கிறேன். கடிதம் எழுதப்போவதில்லை. போன ஞாயிறு நின்றபடி நாவில் வாங்கினேன். சாமி ஒன்றும் சொல்லவில்லை. ஆமென் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

கடைசி வாங்கு

எங்கள் வீட்டில் செபமாலை முடிந்ததும் "பரிசுத்த பாப்பரசரின் சுகிர்த கருத்துகளுக்காக" என்று ஒரு பரலோக மந்திரம், ஓர் அருள்நிறை, ஒரு திரித்துவ மந்திரம் சொல்வோம். முன்சொல்வது அப்பா. 2016-ல், மணமுறிவுக்குப் பின் வேறொருவரோடு வாழ்பவர்களுக்கு நன்மை தரலாமா என்ற சர்ச்சையைக் கிளப்பிய பிரான்சிஸின் அமோரிஸ் லெத்தித்சியா வந்து, நான்கு கர்தினால்கள் ஐந்து கேள்வி எழுப்பி, பிரான்சிஸ் பதில் சொல்லாமல் விட்டபோது அப்பா அந்த இடத்தில் வாயை மூடிவிட்டார். மற்றவர்கள் சொல்வோம், அவர் மணியைப் பிடித்தபடி இருப்பார்.

அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று நினைக்காதீர்கள். என் அத்தையைப் புருஷன் விட்டுப் போனான். அத்தை வேறொருவரோடு வாழ்ந்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள். 22 வருடம் ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்கு வந்து, நன்மை வாங்காமல் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்துவிட்டுச் செத்துப்போனாள். திருச்சபை சொன்னதற்குக் கீழ்ப்படிந்தாள். சில சமயங்களில் திருவருட்சாதனங்களின் உதவியும் கிடைக்கலாம் என்று அமோரிஸ் லெத்தித்சியாவின் 351-ஆம் அடிக்குறிப்பைப் படித்த அன்று அப்பா கேட்டது இதுதான்: "அப்படியென்றால் அவளை எதற்கு உட்கார வைத்தார்கள்?"

2025 ஏப்ரல் 21, ஈஸ்டருக்கு மறுநாள். பிரான்சிஸ் இறந்த செய்தி வந்தது. அன்று இரவு செபமாலை முடிந்து நாங்கள் வழக்கம்போல ஆரம்பிக்கப் போனோம். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். "நித்திய இளைப்பாற்றியை அவருக்கு அளித்தருளும் ஆண்டவரே" என்று அவரே தொடங்கினார். "அவருக்கு" என்ற இடத்தில் குரல் உடைந்து, அம்மா முடித்துவைத்தாள்.

மே 8-ல் புதிய பாப்பரசராகப் பதினான்காம் லியோ வந்தார். அப்பா மறுபடியும் முன்சொல்கிறார். "பாப்பரசரின் சுகிர்த கருத்துகளுக்காக" என்கிறார், சத்தமாகவே. பெயரை மட்டும் இன்னும் சொல்வதில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.