அம்மோனியா பிளாண்ட்: ஆயில் பாட் வால்வைத் திறந்தும் ஆயில் வரவில்லை

கேள்வி:
ஐஸ் பிளாண்டின் ஆயில் பாட் (அம்மோனியாவோடு வரும் கம்ப்ரசர் ஆயில் சேரும் கலன்) நிரம்பியிருக்கிறது, வடிகால் வால்வில் சொட்டுகூட வரவில்லை. இன்னும் திறக்கலாமா சார்?

பதில் 1:
வேண்டவே வேண்டாம். அடைப்பு சட்டென்று விலகினால் ஆயிலுக்குப் பின்னாலேயே திரவ அம்மோனியா பீறிடும். முதலில் வடிகாலை மூடுங்கள். ஆயில் பாட்-க்குள் வரும் திரவ அம்மோனியா வால்வையும் மூடி, சக்‌ஷன் பக்கம் (கம்ப்ரசர் ஆவியை இழுக்கும் குழாய்) மட்டும் திறந்து வையுங்கள். மிச்ச அம்மோனியா ஆவியாகி, வெளிப்பனி முழுக்க உருகியபின் சக்‌ஷனை மூடி வடியுங்கள். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும், அவசரப்படாதீர்கள். பாட் வெற்றிடத்தில் இருந்தாலும் வராது. காற்றுதான் உள்ளே ஏறும்.

பதில் 2:
வடிகாலில் ஸ்டாப் வால்வுக்கு அடுத்து, கையை விட்டால் தானே மூடும் ஸ்பிரிங் வால்வு கட்டாயம். அதைக் கம்பியால் கட்டிவைத்து நகராதீர்கள். பித்தளை ஃபிட்டிங் கூடாது, அரித்துவிடும்.

பதில் 3:
கசிந்து தேங்கிய திரவ அம்மோனியாவில் தண்ணீர் ஊற்றாதீர்கள், இன்னும் கொதித்து ஆவியாகும். ஆவிமேல் மட்டும் தூவல்.